இல்லைன்னு நான் எழுதின குருவி

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

அப்பா எழுதறேன். முழுசா உன் அம்மாவும், கழுத்துக்குக் கீழே மட்டும் நானும் இங்க நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் அங்க நல்லா இருக்கீங்களா, வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா, ரெண்டு பேருக்கும் உடம்பு சுகமான்னு நாலு வரி எழுது. போன் இருக்கிறப்ப இந்த மனுஷன் எதுக்குப் பேனாவைத் தூக்கிட்டு வந்தாருன்னு நினைப்பே. காரணம் இருக்கு. அஞ்சு ஞாயித்துக்கிழமையா நீ என்கிட்ட பேசலை. போன் பண்றே, அம்மாகிட்ட பேசறே, வெச்சுடறே. நான் கையை நீட்டினா அவ, இன்னிக்கு அவளுக்கு நேரமில்லையாம்னு என் மூஞ்சியைப் பார்க்காமச் சொல்றா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டேன். அப்புறம் கோபமும் வந்துச்சு, பெத்த அப்பனுக்கு இவ்வளவுதானா மரியாதைன்னு. இப்ப பதினஞ்சு நாளா இங்க நடந்ததுல அந்தக் கோபம் எங்க போச்சுன்னே தெரியலை, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன். மொதல்ல ஆபீஸ்ல நடந்ததைச் சொல்லிடறேன். அதைச் சொன்னாத்தான் நீ கடைசியா என்கிட்ட பேசின அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்தி எனக்கு எழுத வரும்.

சதுப்புல பன்னிரண்டு இடத்துல முளை அடிச்சு நம்பர் போட்டிருக்கிறது உனக்குத் தெரியும். வாரத்துல மூணு நாள் விடிஞ்சதும் ஒவ்வொரு முளைகிட்டயும் பத்து நிமிஷம் அசையாம நின்னு, காதுல விழற பறவையை ஃபாரத்துல குறிக்கணும், அதான் என் வேலை. நாணலுக்குள்ள ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, காது சொல்றதுதான் கணக்கு. ஃபாரத்துல ஒவ்வொரு பறவை பேருக்கு எதிரிலயும் ரெண்டே கட்டம், உண்டு, இல்லை. இருபத்தாறு வருஷமா இதைத்தான் செஞ்சேன், ஆபீஸ்ல எனக்குப் பேரே காதுக்காரர். பள்ளிக்கூடத்துல உன்னையும் காதுக்காரர் பொண்ணுன்னுதானே கூப்பிட்டாங்க. அந்தப் பேரை நான் எவ்வளவு பீத்திக்கிட்டேன்னு இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. ஏழு வருஷம் முன்னாடி சதுப்போட மேற்கு ஓரத்துல அந்தக் கம்ப்ரஸர் நிலையம் வந்துச்சே, எரிவாயுவைக் குழாயில தள்றதுக்கு, நீ கல்யாணமாகிக் கிளம்பறதுக்கு முன்னாடி ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருதுன்னு சொல்லுவியே, அதே உறுமல்தான் இன்னிக்கும், ஒரு நிமிஷம் ஓயாது. அங்க வேலை பார்க்கிற எல்லாருக்கும் காதுமூடி குடுத்திருக்காங்க. கேட்டுல நிக்கிற காவலாளி மொத வாரமே எனக்கும் ஒண்ணு நீட்டினாரு. நான் சிரிச்சேன். காதால சம்பாதிக்கிறவன் காதைப் பொத்திக்கிட்டு நிக்கவா, கொண்டு போங்க அந்தப் பக்கம்னு சொல்லிட்டேன். ஏழு வருஷமா வேலியோரமா நடந்து, ஏழாம் முளையில நின்னு, முடிஞ்சதும் அவர் கூண்டுல உக்காந்து டீ குடிச்சிருக்கேன். அவர் காதுமூடியோட, நான் வெறுங்காதோட. ரெண்டு பேரும் ஜாடையிலயே ஊர்க்கதை பூரா பேசுவோம்.

கம்ப்ரஸர் வந்ததுலேர்ந்து என் ஃபாரத்துல இல்லை, இல்லைன்னு டிக் கூடிக்கிட்டே போச்சு. போன ரெண்டு வருஷமா ஆறாம் முளையிலேர்ந்து ஒன்பதாம் முளை வரைக்கும் கதிர்க்குருவி இல்லை, காட்டுப்புறா இல்லை, ஒரு சின்னக் குருவிகூட இல்லை. இருக்கட்டும், இந்த டிக் எல்லாம் ஒரு நாள் அந்த மெஷினைச் சந்தியில நிறுத்தும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதினேன். நடந்தது என்ன தெரியுமா? கம்பெனிக்காரங்க என் ஃபாரத்தை நகல் வாங்கிக்கிட்டுப் போயி, பாருங்க, மேற்குப் பாதியில உயிர்னு ஒண்ணுமே இல்லை, அரசாங்க ஆளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, ஒண்ணுமில்லாத இடத்துக்கு எதுக்குப் பாதுகாப்பு, ரெண்டாவது நிலையத்துக்கு எங்களுக்கே குடுத்துடுங்கன்னு மனு போட்டுட்டாங்க. அதைக் கேட்டதும் என் பேனாவையே எடுத்து என் கண்ணுல குத்தறாங்களேன்னு இருந்துச்சு. அதுதான் பெரிய அதிர்ச்சின்னு அப்ப நினைச்சேன். பைத்தியக்காரன்.

போன மாசம் தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு, உன் வயசுதான் இருக்கும். சோப்பு டப்பா அளவுக்குப் பொட்டிகளைக் கொண்டு வந்து ஒவ்வொரு முளைக்குப் பக்கத்துலயும் கட்டிட்டுப் போச்சு. அந்தப் பொட்டி தானா முழிச்சுக்கிட்டு, தானா சத்தத்தைப் பதிவு பண்ணிக்குமாம். நாங்க பொட்டிக்காரின்னு பேர் வெச்சோம், அதுவும் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிச்சு. ஏம்மா, உன் பொட்டிக்குக் கொசுவுக்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியுமான்னு நான்தான் தினம் வம்புக்கு இழுப்பேன். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி, காலையில டீ வந்த நேரம், என்னைக் கம்ப்யூட்டர் முன்னாடி கூப்பிட்டு உக்கார வெச்சுச்சு. சார், ஏழாம் முளையில கதிர்க்குருவி இல்லைன்னு எழுதியிருக்கீங்க, இதைக் கொஞ்சம் கேளுங்கன்னு ஸ்பீக்கரைப் போட்டுச்சு. திரையில கட்டைச் சத்தம் கீழ, கீச்சுச் சத்தம் மேலன்னு கோடா வருமாம்; கீழ்ப்பக்கம் கறுப்பா ஒரு பட்டை, அது கம்ப்ரஸராம். அதுக்கு மேல, ரொம்ப உயரத்துல, சின்னச் சின்னக் கோடா என்னமோ துள்ளுது. எனக்கு உறுமல் மட்டும்தான் கேட்டுச்சு. சத்தத்தைக் கூட்டும்மான்னேன். கூட்டுச்சு. இன்னும் கூட்டும்மா, உன் ஸ்பீக்கர் ஓட்டைன்னேன். டைப்பிஸ்ட் அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. டீ கொண்டு வந்தவர் தட்டைக் கீழ வெச்சுட்டு, காது கிழியுது சார், குறைக்கச் சொல்லுங்க சார்ங்கறாரு. வெளியில நின்ன டிரைவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, என்ன குருவி சார் இந்தக் கத்து கத்துதுன்னு கேக்கறாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எல்லாரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு என்னை ஓட்டறாங்கன்னுதான் மொதல்ல தோணுச்சு, என்ன, வயசானவன்னு கிண்டலான்னு ஒரு கத்துக் கத்தினேன். ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்லை. அந்த அறையில அத்தனை பேருக்கும் கேக்குது, காதுக்காரருக்குக் கேக்கலை.

பொட்டிக்காரி அந்தப் பதிவைப் பாதி வேகத்துல ஓட்டுச்சு. அப்படி ஓட்டினா கீச்சுக்குரல் கட்டைக்குரலா இறங்கிடுமாம். அப்ப வந்துச்சு பாரு, தூக்கக் கலக்கத்துல பாடற மாதிரி இழுத்து இழுத்து, என் கதிர்க்குருவி! ஒண்ணு ரெண்டு இல்லம்மா, அந்த ஒரு காலையில மட்டும் ஏழாம் முளையில பதினோரு குருவி. பொட்டிக்காரி உடனே, கம்ப்ரஸர் வர்றதுக்கு முன்னாடி எப்படிப் பாடுச்சுன்னு ஏதாவது பதிவு இருக்கா சார்னு கேட்டுச்சு. வீட்டுக்கு ஓடிப் போய் அலமாரியில இருந்த பழைய கேசட்டைக் கொண்டு வந்தேன், உனக்கு ஒன்பது வயசு இருக்கிறப்ப லீவு நாள்ல என்கூட வந்து மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அந்தக் கேசட். ரெண்டையும் திரையில பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுச்சு. அன்னிக்குக் குருவியோட கோடு நடுவுல இருக்கு, அந்தப் பாட்டு எனக்கு நல்லாவே கேக்குது. இன்னிக்கு அதே குருவியோட கோடு உச்சியில இருக்கு. வெள்ளம் வந்தா கீழ்வீட்டுக்காரங்க மொட்டை மாடிக்கு ஏறிக்கிற மாதிரி, கீழ்க்குரலையெல்லாம் மெஷின் பிடிச்சுக்கிட்டதால குருவி தன் குரலை மேல ஏத்திக்கிட்டுப் பாடுதாம் சார்னு சொல்லுச்சு. ஏத்த முடிஞ்சது பிழைச்சிருக்கு. காட்டுப்புறாவுக்குக் கட்டைக்குரல், அதால ஏத்த முடியலை, அது நிஜமாவே போயிடுச்சு. பிழைச்சதும் முழுசாப் பிழைக்கலை. பருந்து வந்தா தாய்க்குருவி ஒரு எச்சரிக்கைக் குரல் குடுக்கும், அதைக் கேட்டதும் குஞ்சுங்க கப்சிப்னு அடங்கிடும். இப்ப ஒன்பதாம் முளைப் பக்கம் தாய் கத்துது, உறுமலைத் தாண்டி அது குஞ்சுக்கு எட்டலை, குஞ்சுங்க அதுபாட்டுக்குத் தீனிக்குக் கத்திக்கிட்டே இருக்குதுங்க. இதையெல்லாம் பொட்டி பிடிச்சு வெச்சிருக்கு. நான் அதே இடத்துல நின்னுக்கிட்டு, இல்லைன்னு டிக் அடிச்சிருக்கேன். அது பயந்து மேல மேல ஏறியிருக்கு, என் காது பழுதாகிக் கீழ கீழ இறங்கியிருக்கு.

அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. கேசட் முடியற இடத்துல பொட்டிக்காரி திடீர்னு சிரிச்சு, யார் சார் இந்தச் சின்னப் பொண்ணுன்னு கேட்டுச்சு. எந்தப் பொண்ணும்மான்னேன். குருவி பாடி முடிச்சதும் ஒரு பாப்பா ரகசியமாக் கேக்குது சார், அப்பா இப்பப் பேசலாமான்னு. மறுபடி போட்டுச்சு, மறுபடியும் போட்டுச்சு. வெறும் இரைச்சல்தான் பூனைக்குட்டி, வேற ஒண்ணும் என் காதுல விழலை. நீ அன்னிக்குப் பத்து நிமிஷமும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னே, எனக்கு ஞாபகம் இருக்கு. உன் குரல் எப்பவுமே மெல்லிசுதான், அதுக்குத்தானே பூனைக்குட்டின்னு பேரு. மெதுவா ஓட்டிப் போடட்டுமா சார்னு கேட்டுச்சு. வேண்டாம்மான்னு சொல்லிட்டு எழுந்து வெளியில வந்துட்டேன். உன் குரலைத் தடிமாடு குரலாக் கேக்க எனக்கு மனசு வரலை.

மறுநாள் காது டாக்டர்கிட்ட உன் அம்மா இழுத்துட்டுப் போனா. ஒரு சின்னக் கண்ணாடி அறையில உக்கார வெச்சு, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. நானும் பட்டன் மேல விரலை வெச்சுக்கிட்டுத் தயாரா இருக்கேன், இன்னும் ஆரம்பிக்கலை போலன்னு. நர்ஸ் கதவைத் திறந்து, ஐயா தூங்கிட்டீங்களான்னு கேக்கறாங்க. பாதி டெஸ்ட் முடிஞ்சு போயிருக்கு! காகிதத்துல கோடு போட்டுக் காட்டினாரு டாக்டர், நடு வரைக்கும் நேராப் போகுது, அப்புறம் கிணத்துப் படி மாதிரி சரசரன்னு இறங்கிடுது. வயசு பாதி, அந்த மெஷின் பாதின்னாரு. காதுல போன உசுர் திரும்பாது, மிச்சத்துக்குக் காது மெஷின் வெச்சுக்கலாம்னாரு. திரும்பி வர்றப்ப உன் அம்மாகிட்ட, ஏன்டி, உனக்காவது தெரிஞ்சுதா, சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. மூணு வருஷமாச் சொல்றேன், அதுவும் உங்க காதுல விழலைன்னா. குக்கர் விசில் அடிக்கலைன்னு நான் ரெண்டு தடவை அதைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனேனாம், நல்லாத்தான் இருக்குதுங்கன்னு சொன்ன கடைக்காரரை, வேலை தெரியாத ஆளுன்னு திட்டிட்டு வந்தேனாம். சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை. நடுத்தெருவுல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் அவ அழுதா.

அப்புறம் அந்த ரெண்டாவது நிலையத்து மனுவை விசாரிக்கிற கூட்டம். அதுக்கு முந்தின நாள் எங்க அதிகாரி கதவைச் சாத்திக்கிட்டு, ரிட்டயராக நாலு மாசம்தானே இருக்கு, மாலை மரியாதையோட வீட்டுக்குப் போங்க, காது போச்சுன்னு நீங்களே தண்டோரா போட்டா இருபத்தாறு வருஷக் கணக்கும் குப்பைக்குப் போயிடும், பேசாம இருங்கன்னாரு. எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பூரா அந்த ஆசையோடதான் இருந்தேன். ஆனா அந்தக் குஞ்சுங்க வாயைத் திறந்துக்கிட்டு இருக்கிறது கண்ணுலயே நிக்குது. கூட்டத்துல கம்பெனி ஆள் எழுந்து, என் கையெழுத்தை ஒவ்வொரு பக்கமாப் பெரிசு பண்ணிச் சுவத்துல காட்டறாரு, இல்லை, இல்லை, இல்லைன்னு. நான் கையைத் தூக்கினேன். அது என் கையெழுத்துதான், ஆனா எனக்குக் காது கேக்காதுன்னேன். பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. பொட்டிக்காரிகிட்ட ஏழாம் முளைப் பதிவை ஹால் ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். குருவி கேட்டவங்க கையைத் தூக்குங்க, நானும் கேட்டாத் தூக்கறேன்னேன். அப்புறம் எனக்கு உறுமல்தான். பார்த்துக்கிட்டே நிக்கறேன், முன்வரிசையில ஒரு கை, அப்புறம் நாலு கை, அப்புறம் ஹால் பூரா கை. கதவோரம் நின்ன என் காவலாளி சிநேகிதர், தன் கம்பெனி ஆள் பக்கத்துல இருக்காருங்கிறதையும் மறந்துட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. என் கை மட்டும்தான் தொடையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் யாரும் சிரிக்கலை. ஒரு வருஷம் பொட்டி வெச்சு எண்ணணும், அது வரைக்கும் யாருக்கும் இடம் கிடையாதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. ஒரு வருஷம்தான், அதுக்கு மேல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. என்னைச் சதுப்புக்குப் போக வேண்டாம்னுட்டாங்க, இப்ப ஆபீஸ்ல உக்காந்து தபாலுக்கு முத்திரை குத்தறேன்.

நாப்பது பேர் முன்னாடி அதைச் சொல்லிட்டேன், உன்கிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருக்கு. அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை நீ போன்ல பேசினே. நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். உன் குரல் எங்கேயோ கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. ரொம்ப நேரம் என்னமோ சொன்னே. என்னம்மான்னு ஒரு தடவை கேட்டேன், மறுபடியும் சொன்னே. மூணாவது தடவை கேக்க வெக்கமா இருந்துச்சு, காதுக்காரராச்சே! நீ ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்த வேலை மாத்தம் கிடைச்சிடுச்சு போல, அதைத்தான் நீ சொல்றேன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ரொம்ப நல்லதாப் போச்சு, இனிப்பு வாங்கி எல்லாருக்கும் குடுன்னு சிரிச்சேன். நீ ஒண்ணும் பேசலை. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு. சிக்னல் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு உள்ள போனேன். அடுத்த வாரம் உன் அம்மா, அவ குரலே சரியில்லை, கேட்டா அப்பாகிட்ட சொல்லிட்டேன், அவரையே கேளுங்கறா, என்னங்க விஷயம்னு கேட்டா. அப்பவாவது எனக்கு ஒண்ணும் கேக்கலைடின்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒண்ணும் இல்லை, ஏதோ வேலை விஷயம்னேன். பார்த்தியா, அங்கயும் அதே டிக்.

எது நடந்துச்சோ தெரியலை, ஆனா அது இனிப்புக் குடுக்கிற விஷயம் இல்லைன்னு இப்ப எனக்குப் புரியுது. நீ கஷ்டத்தைச் சொல்லி அப்பா சிரிச்சிருந்தா, அந்தச் சிரிப்பை நீ எப்படித் தாங்கினே? மன்னிச்சுக்கோன்னு சொல்லணும், எதுக்குன்னுகூடத் தெரியாமச் சொல்றேனேன்னு உடம்பு கூசுது. உன் அம்மாகிட்ட நேத்து உண்மையைச் சொல்லிட்டேன், அவ இன்னும் என்கிட்ட சரியாப் பேசலை. உனக்கு இந்த வாரமே போன் பண்றேன்னு நின்னா, நான்தான் கொஞ்சம் பொறு, மொதல்ல என் கடிதம் போகட்டும்னு சொன்னேன். காது மெஷின் வர இன்னும் ஒரு மாசம் ஆகுமாம். அதனால எழுதும்மா. கண்ணு எனக்கு நல்லாவே இருக்கு, நீ எவ்வளவு பொடியா எழுதினாலும் படிச்சுடுவேன். மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, அங்க அவர் ஏதாவது சத்தமான மெஷின் பக்கத்துல வேலை பார்த்தா காதுமூடி போடாம நிக்க வேண்டாம்னு, என் மாதிரி கெத்துக் காட்ட வேண்டாம்னு. நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும், எந்தக் கஷ்டம் வந்தாலும் அது உங்க வாசலோட திரும்பிப் போகணும், அதுதான் எங்க ஆசீர்வாதம்.

பத்து நிமிஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு பூனைக்குட்டி. இப்பப் பேசலாம். அன்னிக்கு நீ என்ன சொன்னே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா